பீரோவில் இருந்த உன் விண்ணப்பம்

எய்யா,

நீ கடைசி பிராக்டிகலுக்குக் காலேஜ் போயிருக்கிறாய். அப்பா ஆபீசில். நான் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதை எழுதித்தான் சொல்ல முடியும் என்று ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது. நேரில் சொன்னால், நான் பாதி சொல்வதற்குள் நீ என் தோளில் கையைப் போட்டு, "கோயி பாத் நஹீம்மா, விடுங்க" என்று முடித்துவிடுவாய். அவ்வளவு சீக்கிரம் நீ என்னை விட்டுவிடக் கூடாது. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். டெல்லியில் பிறந்து வளர்ந்தும் என் பிள்ளை தமிழ் வாசிப்பான் என்று நான் எல்லாரிடமும் பெருமையடித்துக்கொள்வேன். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். இதை வாசித்து முடிக்க உனக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். ஆகட்டும். அந்த ஒரு மணி நேரமும் நீ என் மேல் கோபமாக இருக்கலாம், அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அப்பா கேட்டாரே, "ஏல, அந்த பெங்களூர் சீட்டுக்கு எப்ப பதில் போடணும்?" என்று. நீ அப்பளத்தை உடைத்துக்கொண்டே, "வெள்ளிக்கிழமை லாஸ்ட் டேட்ப்பா. நான் போகல. பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கப் போறேன்" என்றாய். அப்பாவுக்கு ஆச்சரியம். காற்று மாசையும் நுரையீரலையும் சேர்த்துப் படிக்கிற இரண்டு வருஷ எம்.எஸ்சி., பிசிக்ஸ் படித்த பையனைக் கூப்பிட்டு இடம் கொடுத்திருக்கிறார்கள், வேண்டாம் என்கிறானே என்று. ஏன் என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "ரிசர்ச்லாம் மேரே பஸ் கி பாத் நஹீப்பா. நமக்கு அது வராது. செகண்ட் இயர்லயே தெரிஞ்சு போச்சே. அப்பவே அந்த இன்ஸ்டிட்யூட்காரங்க ஒரு ஜவாப்கூடத் தரலையே." நான் ரசக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். உன் தட்டில் ரசம் ஊற்றினேனா, மேஜையில் ஊற்றினேனா என்று தெரியவில்லை. நீதான் துணி எடுத்துத் துடைத்தாய்.

அவர்கள் ஜவாப் தராததற்குக் காரணம், உன் விண்ணப்பம் அவர்களுக்குப் போகவே இல்லை. அது ஒரு வருஷத்துக்கு மேலாக நம் வீட்டுப் பீரோவில், இன்ஷூரன்ஸ் பத்திரங்களுக்கும் உன் தடுப்பூசி அட்டைக்கும் கீழே இருக்கிறது. நான்தான் வைத்தேன். மறந்துபோய் வைத்ததல்ல. தெரிந்தே வைத்தேன்.

அந்த நாள் உனக்கு நினைவிருக்கும். இரண்டாம் வருஷம், குளிர் விட்டு, ஸ்வெட்டரையெல்லாம் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் இரண்டு மாதம், தெற்கே அந்த இன்ஸ்டிட்யூட்டின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை, தங்க இடம், கூட இருந்து சொல்லிக்கொடுக்க ஒரு விஞ்ஞானி. ஆன்லைனில் போட்டது போதாது, காலேஜ் முத்திரையோடு தாளில் கையெழுத்துப் போட்டும் அனுப்பினால்தான் விண்ணப்பத்தை எடுத்துப் பார்ப்போம் என்றார்கள். உனக்கு மறுநாள் இன்டர்னல் டெஸ்ட். உறையை ஒட்டி என் கையில் கொடுத்து, "அம்மா, ஜல்தி ஸ்பீட் போஸ்ட் பண்ணிருங்க, ப்ளீஸ்" என்றாய். விலாசத்தை நான்தான் என் கையால் எழுதினேன், என் எழுத்துத்தான் தபால்காரருக்குப் புரியும் என்று நீயே சொன்னாய். இரண்டு நாள் கழித்து ரசீது கேட்டாய். "ஆச்சு எய்யா, ஆபீஸ்ல டெஸ்பாட்ச்ல குடுத்தாச்சு" என்றேன். சொந்தத் தபாலை ஆபீஸ் செலவில் அனுப்புவது தப்பு என்று பக்கத்து சீட்காரரிடம் சண்டை போட்டதைப் பத்துத் தடவை வீட்டில் சொன்னவள் நான். நீ அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நீ சந்தேகப்படவில்லை. அம்மா சொன்னாள், அவ்வளவுதான் உனக்கு.

பிறகு உன் பிறந்தநாள் வந்தது. வழக்கம்போல் சாணக்யபுரி கெஸ்ட் ஹவுசில் நம்மூர் இலைச் சாப்பாடு. தேர்வானவர்களுக்குத் தகவல் அனுப்பி முடிக்கிற நாளும் அதுதான். போனை இலைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தாய். ஒவ்வொரு தடவை அது அதிரும்போதும் இடது கையால் திருப்பிப் பார்த்தாய். யார் யாரோ வாழ்த்துச் சொன்னார்கள். பாயசம் வந்ததும் அப்பா இரண்டாவது கிண்ணம் கேட்டார், நீ முதல் கிண்ணத்தையே தொடவில்லை. வராத ஒன்றுக்காக நீ காத்திருக்கிறாய் என்று அந்த ஹாலில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "பாயசம் ஆறுது, சாப்பிடு" என்றேன். வீட்டுக்கு வந்ததும் நீ அவர்களுடைய அறிவிப்பை எடுத்துக் கடைசி வரியை எனக்கு வாசித்துக் காட்டினாய். தேர்வு பெற்றவர்களுக்கு மட்டுமே தகவல் அனுப்பப்படும் என்ற வரி. என் உத்தியோகத்தில் அந்த வரியை எத்தனை அறிவிப்புகளில் நானே எழுதியிருக்கிறேன்! அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இவ்வளவு இடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். காரணம் சொல்கிறேன், அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ளாதே. திருநெல்வேலியிலிருந்து பரீட்சை எழுதிக் கிளார்க்காக இந்த ஊருக்கு வந்தவள் நான். வந்ததிலிருந்து பெரும்பாலும் ஆள் எடுக்கிற செக்‌ஷனில்தான் இருந்திருக்கிறேன். ஒரு பதவிக்கு விளம்பரம் போட்டால் மூட்டை மூட்டையாக விண்ணப்பம் வரும். என் வேலை, விதியில் சொன்ன பட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் இந்தப் பக்கம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம். அந்தப் பக்கக் குவியலில் எப்போதும் பிசிக்ஸ் பிள்ளைகள் இருப்பார்கள். இன்ஜினியர் கேட்டால் அவர்கள் வருவார்கள், கம்ப்யூட்டர் ஆள் கேட்டால் வருவார்கள், வானிலைக்கு வருவார்கள், நிலத்தடி நீருக்கு வருவார்கள். எல்லா வீட்டு விசேஷத்துக்கும் வந்து, எந்தப் பந்தியிலும் உட்கார இடம் கிடைக்காத சொந்தக்காரர்கள் மாதிரி எனக்குத் தோன்றும். பாவம் என்று நினைத்துக்கொண்டே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவேன்.

ஒரு பெண் நேரிலேயே வந்துவிட்டாள். நிலத்தடி நீர்மட்டம் அளக்கிற வேலைக்கு விண்ணப்பித்தவள், பிசிக்ஸ் பட்டம். வேறொரு இடத்தில் தற்காலிகமாக அதே வேலையை, அதே கருவிகளோடு, ஆறு வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள். ரிசப்ஷனில் என்னைக் கூப்பிட்டு, "மேடம், மே காம் தோ யஹீ கர் ரஹீ ஹூம்" என்றாள். நான் செய்துகொண்டிருக்கிற வேலையே இதுதானே என்றாள், கோபமில்லாமல், நிஜமாகவே புரியாமல். விதியில் 'அல்லது அதற்கு இணையான தகுதி' என்று ஒரு வார்த்தை இருந்தது. ஒரு பக்கம் குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருந்தால் யாராவது யோசித்திருப்பார்கள். எழுதினால் கேள்வி வரும், கேள்வி வந்தால் பதில் எழுத வேண்டும். அதனால் நான் இல்லை என்றும் எழுதவில்லை, ஆம் என்றும் எழுதவில்லை. கோப்பை என் மேஜையிலேயே வைத்துக்கொண்டேன். நாள் கடந்தது. இடம் நிரம்பியது. எங்கள் உலகத்தில் ஒருவரை மறுப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. கையில் கறையே படாது.

பன்னிரண்டாவது முடித்ததும் நீ பிசிக்ஸ் ஆனர்ஸ் எடுக்கப் போகிறேன் என்றாய். "படிச்சு என்னல ஆகப் போற?" என்று கேட்டேன். "பதா நஹீம்மா, தெரியல. அதான் நல்லாருக்கு" என்றாய். உனக்கு அது விளையாட்டுப் பேச்சு. எனக்கு அந்த ரிசப்ஷனில் நின்ற பெண்ணின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. இவனும் ஒருநாள் கவரை எடுத்துக்கொண்டு யாரோ ஒரு மேடத்தின் முன்னால் போய் நிற்பான், அவள் பென்சிலை எடுப்பாள் என்று பயந்தேன். இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. நான் பயந்தது பிசிக்ஸைப் பார்த்து அல்ல. என்னைப் போன்றவர்களைப் பார்த்து. அந்தப் பயத்தில் நானே உனக்கு அந்த மேடமாகிவிட்டேன். அந்தக் கோடையில் கரோல் பாகில் பேங்க் பரீட்சை கோச்சிங்கில் உனக்கு முன்கூட்டியே இடம் சொல்லி வைத்திருந்தேன். நீ தெற்கே போய்விட்டால் அது வீணாகும், அதற்குப் பிறகு உன்னைப் பிடிக்க முடியாது என்று நினைத்தேன். போகாதே என்று நேராகச் சொல்லியிருந்தால் நீ சண்டை போட்டிருப்பாய், அப்பா உன் பக்கம் பேசியிருப்பார், நான் தோற்றிருப்பேன். அதனால் எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். உறையைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

நீ என்ன செய்தாய் என்பதையும் எழுத வேண்டும், ஏனென்றால் நீ அதைப் பெரிய விஷயமாகவே நினைப்பதில்லை. ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் மெட்ரோ ஏறி அந்தக் கோச்சிங்குக்குப் போனாய். திரும்பி வரும்போது பையில் சின்னச் சின்னச் சாமான்கள் கொண்டு வந்தாய். ஒரு குட்டி விசிறி, ஒரு லேசர், சிகரெட் பெட்டி அளவுக்கு ஒரு சர்க்யூட். காற்றை உள்ளே இழுத்து, அதில் மிதக்கிற தூசு மேல் வெளிச்சம் பட்டுச் சிதறுவதை எண்ணுகிற கருவி. அதற்கு வேண்டிய புரோகிராமை நீயே எழுதினாய். பால்கனியில் ஒன்று, அடுக்களையில் ஒன்று. ஒரு வாரம் கழித்து ஒரு கோடு ஏறி இறங்குகிற படத்தைக் காட்டி, "அம்மா, ரோட்டைவிட நம்ம கிச்சன்லதான் ஜாஸ்தி. காலைல எட்டு மணிக்குப் பாருங்க, என்ன இது?" என்றாய். எட்டு மணிக்கு நான் சாம்பாருக்குத் தாளிப்பேன். கடுகு வெடிக்கிற நேரம் உன் கோடு தாளின் மேல் விளிம்பைத் தொட்டது. முப்பது வருஷமாக ஊரைக் குறை சொல்லிக்கொண்டு ஜன்னலைச் சாத்திவிட்டுத் தாளித்தவள் நான். அப்பாவின் குளிர்கால இளைப்புக்கு என் வாணலிக்கும் பங்கு உண்டு என்று நீ கண்டுபிடித்துவிட்டாய். நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் ஜன்னலைத் திறந்தேன், கோடு கீழே இறங்கியது.

அதற்குப் பிறகு நீ தூசோடு நிற்கவில்லை. அது உள்ளே போய் என்ன செய்கிறது என்று தேடினாய். லைப்ரரியிலிருந்து டாக்டருக்குப் படிக்கிறவர்களின் புத்தகம் கொண்டு வந்து நுரையீரல் படத்தை விரித்து வைத்துக்கொண்டு அப்பாவுக்கு விளக்கினாய். பெரிய தூசு, வேகமாக வருகிற லாரி மாதிரி, வளைவில் திரும்ப முடியாமல் மூக்கிலேயே மோதி நின்றுவிடும், சின்னது ஸ்கூட்டி மாதிரி வளைந்து வளைந்து உள்ளே போய்விடும் என்றாய். அப்பா தன் இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனையோ டாக்டர்களிடம் போயிருக்கிறார், யாரும் அவரிடம் அவருடைய மூச்சைப் பற்றி அப்படிப் பேசியதில்லை. சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், நான் பறித்த அந்தக் கோடையிலேயே, நீ ஓர் ஆராய்ச்சியைச் செய்திருக்கிறாய். ரிசர்ச் வராது என்று சொல்கிற பையன்! இதையெல்லாம் நீ எழுதி வைத்த நோட்டை உன் காலேஜ் சார் பார்த்துவிட்டுத்தானே பெங்களூருக்கு எழுதிப் போடச் சொன்னார்?

உன் பாடங்களின் பட்டியலைப் பார்த்து நான் எத்தனை கேலி செய்திருப்பேன். ஒளி, வெப்பம், மின்சாரம், நடுவில் கம்ப்யூட்டர், ஒரு செமஸ்டர் பொருளாதாரம், இன்னொன்றில் உளவியல். "இது என்னல, டிகிரியா, மளிகை லிஸ்டா?" என்று கேட்டேன். ஒரு படிப்பு என்றால் அதன் முடிவில் ஒரு நாற்காலி இருக்க வேண்டும், நாற்காலியின் பெயர் முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதுதான் எனக்குப் பழக்கம். உன்கூடப் படித்த ஹர்ப்ரீத் பங்குச் சந்தைக் கணக்குப் பார்க்கிற கம்பெனிக்குப் போகிறாள். அடிக்கடி நம் வீட்டுக்கு இட்லி சாப்பிட வருகிற விகாஸ், கச்சேரி ஹால்களில் சத்தம் எதிரொலிக்காமல் கட்டுவது எப்படி என்று படிக்கப் போகிறான். மூன்று பேரும் ஒரே லேபில், ஒரே ஊசலை ஆட்டிக்கொண்டிருந்தவர்கள். ஒன்றை அளப்பது, அளந்ததை நம்பலாமா என்று கேட்பது, நம்ப முடியாவிட்டால் திரும்ப அளப்பது. இதைத்தான் நீங்கள் மூன்று வருஷம் கற்றிருக்கிறீர்கள், அது எந்த வீட்டுக்குள்ளும் செல்லுபடியாகும் என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று உன் படிப்பு சொன்னதை, எங்கேயும் போக முடியாது என்று நான் வாசித்தேன். வாசிக்கத் தெரியாதது உனக்கல்ல, எனக்குத்தான்.

அதற்காக நீ பெங்களூருக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. பேங்க் வேலை ஒன்றும் மட்டமில்லை. அரசாங்கச் சம்பளத்தில்தான் நீ வளர்ந்தாய். அங்கே போனாலும் உன்னைப் போல் ஒருவன் இருந்தால் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கு நல்லது. எல்லாக் கோர்ஸிலும் இருக்கிற மாதிரி பெங்களூரிலும் கஷ்டம் இருக்கும். பாதியில் இது வேண்டாம் என்று உனக்குத் தோன்றலாம், தோன்றினால் தைரியமாகத் திரும்பி வா. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடு. ஆனால் உன்னை யாரோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்காதே. யாரும் சொல்லவில்லை. அவர்கள் உன்னைப் பார்க்கவே இல்லை. நீ கருவியைச் சோதிக்கும்போது சொல்வாயே, அளவு தப்பாக வந்தால் முதலில் கருவியில் கோளாறா என்று பார்க்க வேண்டும் என்று. அந்தக் கோடையிலிருந்து நீ உன்னைப் பற்றி வைத்திருக்கிற அளவில் கோளாறு இருக்கிறது. கோளாறு நான்.

அப்பாவுக்கு இது இன்னும் தெரியாது. சாயங்காலம் அவர் வந்ததும் சொல்லப்போகிறேன். கத்துவார், பிறகு இன்ஹேலரைத் தேடுவார், பிறகு உன்னைப் பார்க்க வருவார். நீ அவரைச் சமாதானப்படுத்த வேண்டாம். என்னையும் சமாதானப்படுத்த வேண்டாம். எனக்கு வெட்கமாக இருக்கிறது எய்யா, அது கொஞ்ச நாள் இருக்கட்டும். நீ இல்லாத வீட்டை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது. அதையும் இதுவரை சொன்னதில்லை. சட்டம், விதி, எதிர்காலம் என்று என்னென்னவோ சொன்னேன், நீ என் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்கிற ஆசையை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் நீ பதில் சொல்லியிருப்பாய்.

இந்தக் கடிதத்தின் கீழே இரண்டு இருக்கின்றன. ஒன்று, பெங்களூர்க்காரர்கள் கேட்ட பெற்றோர் கையெழுத்துத் தாள். உன் மேஜையில் வெற்றாகக் கிடந்தது. எடுத்துக் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்பியிருக்கிறேன். அனுப்புவதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம். அனுப்புவதென்றால் என்னிடம் தராதே. நீயே போஸ்ட் ஆபீசுக்குப் போ, நீயே வரிசையில் நில், ரசீதை நீயே வைத்துக்கொள்.

இன்னொன்று அந்தப் பழைய உறை. பசை ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது, நான் பிரிக்கவில்லை. அதற்குள் இந்த ஆராய்ச்சியில் ஏன் சேர விரும்புகிறாய் என்று ஒரு பக்கம் எழுதியிருப்பதாக அன்றைக்குச் சொன்னாய். வாசித்துக் காட்டவா என்றுகூடக் கேட்டாய். எனக்கு அடுப்பில் வேலை இருந்தது. எத்தனை விண்ணப்பங்களைத் தள்ளி வைத்திருந்தாலும், வாசிக்காமல் ஒன்றைக்கூட வைத்ததில்லை. உன்னுடையதை மட்டும்தான் வாசிக்காமலேயே வைத்தேன். உனக்கு மனம் வருகிற அன்றைக்குப் பிரித்து வாசித்துக் காட்டு. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருகிறேன்.

அம்மா